மண்ணுக்குள் போனது மறைந்துவிடாது
கழிவுநீர்த் தாங்கியைப் பாவித்தலும் பராமரித்தலும்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பம் ஒன்றுக்கு முதலில் தேவைப்படுவது கூரை, அடுத்தது தண்ணீர், மூன்றாவது மலசலகூடம். முதலிரண்டையும் பற்றி நாம் வாய்விட்டுப் பேசுவோம். மூன்றாவதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவோம். ஆயினும் நலன்புரி நிலையங்களிலும், உறவினர் வளவுகளில் போட்ட கொட்டில்களிலும், மீளக்குடியேறிய காணிகளிலும் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், பூச்சித்தொல்லை ஆகியவற்றுக்கான காரணத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்திலேயே போய் நிற்போம்.

மலசலகூடம் கட்டித் தரும் நிறுவனங்கள் உண்டு. கட்டிய பின் அதன் அடியிலுள்ள தாங்கியை எப்படிப் பாவிப்பது, எப்போது வெறுமையாக்குவது என்பதைச் சொல்லித் தருவோர் குறைவு. அதையே இப்பாடத்தில் பார்ப்போம்.

மனதில் இருத்த வேண்டிய உண்மை ஒன்றுதான். தாங்கி கழிவை இல்லாமற் செய்வதில்லை. சிறிது காலம் வைத்திருக்கிறது. அதை யார், எப்போது, எங்கே வெளியேற்றுவது என்று நாம் தீர்மானிக்காவிட்டால், அது தானாகவே வெளியேறும். பெரும்பாலும் அது போய்ச் சேரும் இடம் ஒரு கிணறாகவே இருக்கும்.

பாளயத்தில் ஓர் ஒழுங்கு

இடம்பெயர்ந்த மக்களுக்கு இது புதிய பிரச்சினை அல்ல. பாளயமிறங்கி வாழ்ந்த இஸ்ரயேலருக்கு இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரம் ஓர் ஒழுங்கைக் கொடுக்கிறது. பாளயத்துக்கு வெளியே இதற்கென ஓரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் கருவிகளோடு மண் தோண்டும் கோல் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். குழி தோண்டிப் பின் மூடிவிட வேண்டும். ஆண்டவர் அந்தப் பாளயத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். கூடாரத்தில் வாழ்ந்தாலும் மனிதர் மாண்போடு வாழ வேண்டும் என்பதே இதன் பொருள்.

1854இல் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் நடந்ததும் நமக்கு ஒரு பாடம். ஒரு சில வாரங்களில் 600க்கும் அதிகமானோர் வாந்திபேதியால் இறந்தனர். புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்ப்பம்பியே காரணம் என்று வைத்தியர் ஜோன் ஸ்நோ கூறினார். அப்பகுதியின் உதவிக் குருவான ஹென்றி வைற்ஹெட் முதலில் அதை நம்பவில்லை. வீடு வீடாகச் சென்று விசாரித்த பின்னர் அவரே அதற்கான சான்றைக் கண்டுபிடித்தார். நோயுற்ற குழந்தையொன்றின் துணிகளை அலசிய நீர், வீட்டு முன்புறத்துக் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டிருந்தது. அக்குழி கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. செங்கற் சுவர் உக்கி, கழிவு கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. குழியைப் பாவித்தவர்கள் ஒருவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அது கசிவதை அவர்கள் அறியவில்லை, அவ்வளவுதான்.

நம்முடைய மண் எப்படிப்பட்டது?

ஒரே அளவான குழி எல்லா மண்ணிலும் ஒரே விதமாக வேலை செய்யாது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. வற்றாத ஆறு எதுவும் அங்கில்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீரே. மணலும் களியும் நீரை வடிகட்டும். வெடித்த கல் வடிகட்டாது. குழியிலிருந்து இறங்கும் கழிவுநீர் அவ்வெடிப்பு வழியே வெகுதூரம் விரைவாகப் போய்விடும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்குள் வந்தபோது, ஒரே வளவில் பல குடும்பங்கள் ஒரு கிணற்றையும் ஒரு மலசலகூடத்தையும் பங்கிட்டு வாழ்ந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கற்பிட்டி, மட்டக்களப்புக் கரையோரம், முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற மணற்பகுதிகளில் நிலத்தடிநீர் சில அடி ஆழத்திலேயே இருக்கும். அங்கு ஆழமான குழி தோண்டினால் குழியின் அடி நீருக்குள்ளேயே போய்விடும்.

வன்னியின் உட்பகுதியில் மண் இறுக்கம் கூடியது, கீழே கருங்கற்பாறை. கோடையில் குழி நன்றாக வேலை செய்வது போலத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும் நீர் உறிஞ்சப்படாமல் குழி பொங்கி வழியும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஓகஸ்ட் மாதத்து மழைக்கே மலசலகூடக் குழிகள் நிரம்பிக் கூடாரங்களுக்கிடையே ஓடியதை அங்கிருந்தவர்கள் அறிவார்கள்.

மூன்று வகைத் தாங்கிகள்

1. உறிஞ்சு குழி. அடி திறந்தது. நீர் மண்ணுக்குள் இறங்கும். திண்மம் குழியில் தங்கும். கிராமங்களில் அதிகம் உள்ளது இதுவே.

2. இரு அறைத் தாங்கி. சீமெந்தால் கட்டி உட்பக்கம் பூசப்பட்டது. முதல் அறையில் மண்டி படியும், மேலே ஆடை மிதக்கும். இடையிலுள்ள நீர் இரண்டாம் அறைக்குச் சென்று, பின் ஓர் உறிஞ்சு குழிக்குப் போகும். வெளியேறும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் சுத்தமானதன்று. அதில் நோய்க்கிருமிகளும் நைத்திரேற்றாக மாறக்கூடிய பொருட்களும் உண்டு.

3. மூடிய தாங்கி. அடியும் பக்கங்களும் அடைக்கப்பட்டது. பெரும்பாலும் பிளாஸ்ரிக் தாங்கி. நீரும் இறங்காது, திண்மமும் போகாது. பவுசர் வந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். நீர்மட்டம் உயர்ந்த இடங்களிலும், கிணறுகள் நெருங்கிய இடங்களிலும், அவசரகால முகாம்களிலும் இதுவே பாதுகாப்பானது. ஆனால் விரைவில் நிரம்புவதும் இதுவே.

கணக்குப் பார்ப்போம்

தோட்டத்துக்கு எத்தனை மணித்தியாலம் இறைப்பது என்று கணக்குப் பார்க்கும் நாம், தாங்கிக்கும் கணக்குப் பார்க்கலாம்.

மூடிய தாங்கி 1,000 லீற்றர் கொள்ளும் என வைப்போம். 20 பேர் பாவிக்கிறார்கள். கழுவுவதற்கும் ஊற்றுவதற்குமாக ஒருவர் நாளொன்றுக்கு 10 லீற்றர் விட்டால், ஒரு நாளைக்கு 200 லீற்றர். தாங்கி 5 நாளில் நிரம்பும். இதே தாங்கிக்குள் குளிக்கும் நீரையும் விட்டால் என்ன நடக்கும்? ஒருவருக்கு 40 லீற்றர் என்றாலும் மேலும் 800 லீற்றர். தாங்கி ஒரே நாளில் நிரம்பிவிடும். பவுசர் கிழமைக்கு ஒரு முறைதான் வரும் என்றால் மிகுதி ஆறு நாளும் அது வழிந்தோடும்.

உறிஞ்சு குழியில் நீர் இறங்கிவிடுவதால் திண்மத்தை மட்டுமே கணக்கிட வேண்டும். தண்ணீரால் கழுவும் பழக்கமுள்ள நம்மிடையே ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 40 லீற்றர் மண்டி சேரும். 1 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் ஆழமும் உள்ள குழியில், மேல் அரை மீற்றரை விட்டுவிட்டால், ஏறக்குறைய 1,180 லீற்றர் இடம் உண்டு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ஏறத்தாழ 6 ஆண்டுகள் போதும். அதே குழியை 20 பேர் பாவித்தால் ஒன்றரை ஆண்டுதான். துணி, பிளாஸ்ரிக், சாப்பாட்டுக் கழிவு ஆகியவற்றைப் போட்டால் அதுவும் இல்லை.

ஆகவே தாங்கியின் கொள்ளளவு, பாவிப்போர் தொகை, கடைசியாக வெறுமையாக்கிய திகதி ஆகிய மூன்றையும் மலசலகூடக் கதவின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டு நீரையும் கலக்காதீர்கள்

மேலைநாடுகளில் சிலர் சமையலறை, படுக்கை, மலசலகூடம் எல்லாம் பொருத்திய வாகனங்களில் மாதக்கணக்காகப் பயணம் செய்வார்கள். அவ்வாகனங்களின் அடியில் பெரும்பாலும் இரண்டு கழிவுத் தாங்கிகள் இருக்கும். ஒன்று மலக்கழிவுக்கு, மற்றது குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு. மலத்தாங்கியின் அடைப்பை எந்நேரமும் திறந்து விட்டால் நீர் ஓடிவிடும், திண்மம் குவிந்து இறுகிவிடும். எனவே அது போதியளவு நிரம்பும் வரை மூடி வைத்து, உரிய இடத்தில் மட்டும் திறப்பார்கள். வெறுமையாக்கியதும் முதலில் சிறிது நீரை உள்ளே விடுவார்கள். அவர்கள் விரும்பிப் பயணம் போகிறவர்கள். நாம் விரட்டப்பட்டு வந்தவர்கள். ஆனால் தாங்கியின் சட்டம் இருவருக்கும் ஒன்றே.

அதிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை:

1. குளியல் நீரும் சமையல் நீரும் மலசலகூடத் தாங்கிக்குள் போகக் கூடாது.

2. மூடிய தாங்கியை வெறுமையாக்கியதும் இரண்டு மூன்று வாளி தண்ணீர் ஊற்றிய பின்பே பாவிக்கத் தொடங்க வேண்டும். வெறுந்தரையில் விழும் திண்மம் ஒட்டிப்பிடித்துக் குவியும். பிறகு பவுசரின் குழாயும் அதை இழுக்காது.

3. ஒவ்வொரு முறையும் 2 முதல் 3 லீற்றர் வரை ஒரே வேகத்தில் ஊற்ற வேண்டும். சிறிது சிறிதாக ஊற்றினால் நீர் முழுவதும் செலவாகும். கழிவோ குழாயிலேயே நிற்கும்.

குளித்த, கழுவிய நீர் விவசாயிக்கு வீணான பொருளன்று. துளையிட்ட வாளி ஒன்றில் தும்பு அல்லது வைக்கோல் இட்டு, அதனூடாகச் சமையல் நீரை விடுங்கள். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அதில் தங்கும். தும்பைக் கிழமைக்கு ஒரு தடவை மாற்றிப் பழையதை எருக்கிடங்கில் போடலாம். வடிந்த நீரை ஆழமற்ற வாய்க்கால் மூலம் வாழை, பப்பாசி, தென்னை ஆகியவற்றின் அடிக்கு விடுங்கள். பச்சையாக உண்ணும் கீரை, வல்லாரை போன்றவற்றுக்கு விடக் கூடாது. நீர் தேங்கி நிற்கவும் கூடாது. நான்கு வாழை நட்டு முறை வைத்து விட்டால் தேங்காது.

தாங்கிக்குள் போடக் கூடாதவை

துணி, மாதவிடாய்த் துவாய், குழந்தைகளின் பம்பர்ஸ், பொலித்தீன், சிகரெட் அடி, முடி, எண்ணெய், சாப்பாட்டுக் கழிவு, மீதமான கிருமிநாசினி ஆகியவை போடக் கூடாது. பெண்கள் துவாயைக் குழியில் போடுவது வேறு இடம் இல்லாததாலேயே. ஆகவே மூடியுள்ள வாளி ஒன்றை உள்ளே வைத்து, அதை எரிக்கவோ புதைக்கவோ ஒழுங்கு செய்வது அந்தக் குடியிருப்பின் பொறுப்பு.

பினைல், குளோரின் தூள் ஆகியவற்றை நாள்தோறும் அள்ளி ஊற்றாதீர்கள். கழிவை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதனால் இறந்துவிடும். மட்பாத்திரத்தையும் தரையையும் சவர்க்காரமும் தும்புக்கட்டையும் கொண்டு தேய்த்தாலே போதும். நுளம்பு வருகிறதென்று மண்ணெண்ணெய் ஊற்றுவது மிகத் தவறு. அது நிலத்தடிநீரைக் கெடுக்கும். மூடியின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, கூரைக்கு மேலே உயரும் காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். யானைக்கால் நோய் இலங்கையில் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்நோயைப் பரப்பும் நுளம்பு இன்னும் மலக்குழிகளில்தான் பெருகுகிறது.

எவ்வளவு தூரம்?

அவசரகாலப் பணியாளர் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, குழிக்கும் நீர்நிலைக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர், அதாவது 100 அடி, இருக்க வேண்டும் என்கிறது. குழியின் அடி நிலத்தடிநீர் மட்டத்திலிருந்து குறைந்தது 1.5 மீற்றர், அதாவது 5 அடி, மேலே இருக்க வேண்டும். மழைக்கால நீர்மட்டத்தையே அளக்க வேண்டும். கோடைக்காலத்து மட்டம் ஏமாற்றிவிடும். வெடித்த சுண்ணாம்புக்கல் நிலத்தில் 100 அடியும் முழுப் பாதுகாப்புத் தராது.

அரைப் பரப்புக் காணியில், பக்கத்து வளவுகளிலும் கிணறுகள் இருக்கையில், 100 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செய்யக்கூடியவை சில உண்டு. முதலில், உங்கள் கிணற்றை மட்டுமல்ல, அயலவர் கிணறுகளையும் சேர்த்து ஒரு தாளில் வரையுங்கள். குழியை எல்லாவற்றிலிருந்தும் தூரமான, நிலம் பள்ளமான பக்கத்தில் வையுங்கள். குழியை ஆழமாக்காது, தரைக்கு மேலே மேடையாக உயர்த்திக் கட்டுங்கள். அதற்கும் இடமில்லையெனில் மூடிய தாங்கி ஒன்றைப் பல குடும்பங்கள் சேர்ந்து வைத்து, பவுசருக்கு முறையாகப் பணம் சேர்ப்பதே வழி.

நைத்திரேற்று பற்றியும் அறிந்திருக்க வேண்டும். மலக்குழியிலிருந்தும் நாம் தோட்டத்துக்கு இடும் யூரியாவிலிருந்தும் இது கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். தாய்ப்பாலே அக்குழந்தைக்குப் பாதுகாப்பு. கிணற்று நீரைப் பரிசோதிக்க உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடுங்கள்.

வெறுமையாக்குதல்

கம்பு ஒன்றின் நுனியில் வெள்ளைத்துணி சுற்றி இரு அறைத் தாங்கியின் அடிவரை விட்டு எடுத்தால், துணியில் படிந்த கருமை மண்டியின் உயரத்தைக் காட்டும். மண்டி தாங்கியின் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் பவுசருக்குச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்துக்கு இது சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். மூடிய தாங்கியை முக்கால் பங்கு நிரம்பியதுமே சொல்லுங்கள். பவுசர் வர நாட்கள் செல்லலாம். மாரி தொடங்கும் முன் புரட்டாதியிலேயே எல்லாவற்றையும் பார்த்து முடிப்பது நல்லது. வெள்ளம் நிற்கும்போது பிளாஸ்ரிக் தாங்கியை முற்றாக வெறுமையாக்காதீர்கள். வெறுந்தாங்கியை நிலத்தடிநீர் தோணி போல மேலே தூக்கிக் குழாய்களை உடைத்துவிடும்.

பவுசர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். குளத்திலோ காட்டோரத்திலோ கொட்டினால் அது இன்னோர் ஊரின் கிணற்றுக்குப் போகும்.

ஒருபோதும் தாங்கிக்குள் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். உள்ளேயுள்ள வாயு ஒரு சில மூச்சில் மனிதனை வீழ்த்தும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் பல. தீக்குச்சியோ விளக்கோ கொண்டு சோதிக்கவும் கூடாது, வாயு தீப்பற்றும். மூடியைச் சிறுவர் தூக்க முடியாத பாரமுள்ளதாக அமையுங்கள்.

இடம் இருப்போர் இரட்டைக் குழி முறையைக் கையாளலாம். ஒன்று நிரம்பியதும் அதை மூடி, மற்றதைப் பாவிக்க வேண்டும். மூடிய குழியை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால், உள்ளிருப்பது மணமற்ற மண்போல உக்கிவிடும். அதைத் தென்னை, மா ஆகியவற்றின் அடியில் புதைக்கலாம். வட்டப்புழுவின் முட்டை நெடுங்காலம் உயிரோடிருக்கும். ஆகவே மரக்கறிப் பாத்திக்கு இட வேண்டாம். பச்சை மலக்கழிவு பசளையே அல்ல.

இந்த வேலை யாருடையது?

இதை ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரின் தொழில் என்று ஒதுக்கிவைத்த பழக்கம் நம்மிடையே இருந்தது. முற்றாகப் போய்விட்டதென்றும் சொல்ல முடியாது. பாவிப்பது எல்லோரும், துப்புரவு செய்வது ஒருவர் என்பது நீதியன்று. பாதம் கழுவிய ஆண்டவரைப் பின்பற்றும் நாம், துப்புரவு முறை எழுதும்போது எல்லாக் குடும்பத்தின் பெயரையும், ஆண்களின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். பவுசரோடு வரும் தொழிலாளிக்குக் கையுறையும் சவர்க்காரமும் தண்ணீரும் கொடுங்கள், மரியாதையோடு பேசுங்கள்.

இடம்விட்டுப் போகும்போது

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் மகிழ்ச்சியில் பழைய குழியை அப்படியே விட்டுப் போகக் கூடாது. தட்டை அகற்றி, சாம்பலும் மண்ணும் இட்டு நிரப்பி, ஒன்றரை அடி உயரத்துக்கு மேடாக்குங்கள். உக்க உக்க அது தாழும். மேலே ஒரு வாழையோ முருங்கையோ நட்டால் அங்கே குழி இருந்தது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கும். நமக்கு இடம் தந்த குடும்பத்தின் கிணற்றை நாம் வந்தபோது இருந்தது போலவே விட்டுப் போவது, நாம் செய்யக்கூடிய மிகச் சிறந்த நன்றிக்கடன்.

திரும்பிய காணியில், கண்ணிவெடி அகற்றப்பட்டதென உரியவர்கள் உறுதிப்படுத்தும் வரை குழி தோண்டவோ, பழைய மலக்குழியைத் திறக்கவோ வேண்டாம்.

குழுவாகச் சிந்திக்க

1. நமது குடியிருப்பில் எத்தனை பேருக்கு ஒரு மலசலகூடம் உள்ளது? அவசரகாலத்தில்கூட 20 பேருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது நியமம். இல்லையெனில் கிராம அலுவலரிடம் யார் பேசுவது?

2. இரவில் பெண்களும் சிறுவரும் பயமின்றிப் போய்வர வெளிச்சமும் உள்தாழ்ப்பாளும் உண்டா?

3. நமது தாங்கி எந்த வகையானது? கடைசியாக எப்போது வெறுமையாக்கப்பட்டது?

4. நமது குழியைச் சுற்றி 100 அடிக்குள் எத்தனை கிணறுகள் உள்ளன? அவற்றில் குடிப்பவர் யார் யார்?

நான்காவது கேள்விக்கு விடையாக வரும் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாங்கியை ஏன் பராமரிக்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.